போர் நாவல் படித்த பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம்?

கோத்தகிரி டீச்சர்:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வருடம் இரண்டு வகுப்புகள் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு போர் நாவல் படித்தன. ஒன்பதாம் வகுப்புக்கு லோயிஸ் லோரியின் 'நம்பர் த ஸ்டார்ஸ்', பதினொன்றாம் வகுப்புக்கு மார்கஸ் சூசாக்கின் 'த புக் தீஃப்'. இரண்டு வகுப்புக்கும், நாஜிகளிடமிருந்து ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரியிலிருந்து சில பகுதிகளும் கொடுத்தேன். டைரி நாவல் இல்லைதான். ஆனால் உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் எழுத்து பக்கத்தில் இல்லாமல், யூத இனப்படுகொலை பற்றிய கதைகளை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

படித்து முடித்ததும் வினா-விடை வைக்கவில்லை. எழுத்து, படம், பாட்டு, எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் பதில் தரலாம் என்றேன். வந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1943 அக்டோபரில் டென்மார்க் யூதர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றி ஸ்வீடனுக்கு அனுப்பிக் காப்பாற்றினார்களே, லோரியின் நாவலுக்கு அதுதான் பின்னணி. 7,000-க்கும் மேற்பட்டவர்கள் அப்படித் தப்பினார்கள். ஒரு மாணவி இரண்டு நாட்டுக்கும் நடுவில் உள்ள அந்தக் கடல் நீரிணையை வரைந்தாள். மிகக் குறுகலான இடத்தில் அகலம் சுமார் 4 கிலோமீட்டர்தான் என்று அவளே தேடிக் கண்டுபிடித்து, ஓரத்தில் "நான் தினமும் ஸ்கூலுக்கு நடக்கிற தூரம்" என்று எழுதியிருந்தாள். வேறு ஒரு வரி விளக்கம் கிடையாது.

'புக் தீஃப்' கதையில் ஒளிந்திருக்கும் யூத இளைஞன் மாக்ஸ், ஹிட்லர் எழுதிய புத்தகத்தின் தாள்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, அதன் மேல் சிறுமி லீசலுக்காகத் தன் கதையை வரைந்து எழுதுவான். பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய செய்தித்தாளில் டிஸ்டெம்பர் அடித்து அதன் மேல் எழுதினார்கள். இங்கே ஜூலை மழையில் எதுவும் காய்வதில்லை, சத்துணவுக்கூடத்து அடுப்பங்கரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஒருவன் மட்டும் பெயின்ட்டை மெல்லிசாக அடித்திருந்தான். அடியில் ஏதோ ஒரு ஊர்க் கலவரச் செய்தியின் தலைப்பு மங்கலாகத் தெரிந்தது. மேலே, முன்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்து இப்போது பேசாமல் போன ஒரு நண்பனைப் பற்றி எழுதியிருந்தான். தலைப்பு தெரியட்டும் என்றுதான் விட்டேன் மிஸ் என்றான்.

இனி எனக்கு யோசனை வேண்டிய இடம். பாதி வகுப்பு "நான்தான் ஆன்" என்று தொடங்கி டைரி எழுதிக் கொடுத்திருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இருட்டு, பயம், கண்ணீர். ஆன் எழுதியதில் எவ்வளவு கேலி, எவ்வளவு சண்டை, அம்மா மேல் எவ்வளவு கோபம்! அது ஒன்றும் இவற்றில் இல்லை. இன்னொன்று, ஆண்டு விழாவுக்கு வதைமுகாம் காட்சியை நாடகமாகப் போட வேண்டுமாம், யூதர்களுக்குக் கட்டாயமாக்கிய மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு. அவர்கள் ஆர்வத்தைக் கெடுக்கவும் மனமில்லை, சரி என்று சொல்லவும் மனமில்லை.

மலை நூலகன்:
டீச்சர், முகாம் நாடகம் வேண்டாம் என்பதே என் கருத்து. வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகம் ஆசிரியர்களுக்கென்று வழிகாட்டுதல்கள் வைத்திருக்கிறது. பிள்ளைகளைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் பாவித்து நடத்தும் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். காரணம் எளிது. ஒரு பீரியட் நெருக்கியடித்து நின்றுவிட்டு, அவர்கள் பட்டது இதுதான் என்று பிள்ளை நம்பிவிடும். குறுக்கெழுத்துப் புதிர், முகாமின் மாதிரி செய்வது, எண்ணிக்கையைக் காட்டப் பொருள் சேர்ப்பது, இவற்றையும் அவர்கள் ஊக்குவிப்பதில்லை. தெர்மோகோலில் முகாம் செய்த பிள்ளைக்குக் கடைசியில் மனதில் நிற்பது தெர்மோகோல் வெட்டியதாகத்தான் இருக்கும்.

அதற்குப் பதில், அங்கே இருந்த பிள்ளைகள் உண்மையில் என்ன வரைந்தார்கள் என்று காட்டுங்கள். செக் நாட்டில் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரேசின் என்ற கெட்டோவில் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் சிறுவர்களுக்கு ரகசியமாகப் பாடம் எடுத்தார். பூச்சாடி, பட்டாம்பூச்சி, வீடு, சாப்பாட்டு மேசை என்று வரைய வைத்தார். ஒவ்வொருவரும் தங்கள் படத்தில் பெயர் எழுத வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். 1944-ல் அவரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போவதற்கு முன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அவை இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் முள்கம்பியை மட்டுமே வரைந்துகொண்டிருக்கவில்லை. நம் பிள்ளைகள்தான் முள்கம்பியை மட்டும் வரைகிறார்கள்.

கொடை நாடகக்காரி:
நூலகன் சார், முகாம் காட்சி வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் நாடகமே வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது. கொடைக்கானலில் பள்ளிப் பிள்ளைகளோடு நாடகம் செய்கிறேன். யார் பாத்திரத்தை மேடையேற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஆன் 1942 ஜூன் 20 தேதியிட்ட பக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் யூதர்களுக்குப் போட்ட தடைகளை வரிசையாக எழுதியிருப்பாள். மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும். சைக்கிளை ஒப்படைக்க வேண்டும். டிராமில் ஏறக்கூடாது. கடைக்கு மதியம் 3 மணியிலிருந்து 5 மணி வரைதான் போகலாம். இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியே வரக்கூடாது. நாங்கள் அந்தப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு தடையையும் ஒருவர் வாசிப்பார். உடனே இன்னொருவர் கேட்பார்: "இதை நடைமுறைப்படுத்தியது யார்?"

சைக்கிளை வாங்கி ரசீது எழுதிய குமாஸ்தா. 3 மணிக்கு முன்னால் வந்தவளைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர். டிராம் கண்டக்டர். இவர்களைத்தான் பிள்ளைகள் எழுதினார்கள், நடித்தார்கள். கண்டக்டராக எழுதிய பையன் பண்ணைக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். அவன் எழுதியதிலிருந்து: "அந்தப் பொண்ணை எனக்குத் தெரியும். நாலு வருஷமா என் டிராம்லதான் போறா. இன்னைக்கு நான் அவ முகத்தைப் பார்க்கலை, நட்சத்திரத்தைத்தான் பார்த்தேன். விசில் ஊதிட்டேன்." வாசித்து முடித்ததும் வகுப்பில் வாக்குவாதமே வந்துவிட்டது. கண்டக்டர் ஏற்றியிருந்தால் அவனுக்கு வேலை போயிருக்குமா, உயிர் போயிருக்குமா, அவன் விசாரித்தானா, பயந்தானா, பழகிவிட்டானா? பாதிக்கப்பட்டவளாக நடிக்கும் பிள்ளைக்கு அழுகை வரும். கண்டக்டராக நடித்த பிள்ளைக்குக் கேள்வி வந்தது.

பந்தலூர் மண்:
நான் ஆசிரியன் இல்லை. பந்தலூரில் தேயிலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். எங்களில் நிறையப் பேர் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். ஆன் ஃபிராங்க் டைரி தமிழிலும் கிடைக்கிறது, அதைத்தான் படித்தோம்.

படித்துவிட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் பாட்டியின் கதையை எழுதிக்கொண்டு வந்தாள். பாட்டி இலங்கையின் மலையகத்தில் பிறந்தவர், அவருடைய அம்மாவும் அங்கே பிறந்தவர்தான். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக் குடிமக்களும் இல்லை என்று ஆனார்கள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது, இன்றைய டேன்டீ. தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது பாட்டியின் அக்கா குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. எந்தப் படிவத்தில் யார் பெயர் இருந்தது என்பதை வைத்துக் குடும்பம் இரண்டாகப் போனது.

இதைப் பள்ளியில் காட்டியபோது "இதற்கும் ஆன் ஃபிராங்குக்கும் என்ன சம்பந்தம்? கேட்டதை எழுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு ஆறவே இல்லை. அந்தப் புத்தகம் அவளுக்குள் போய்த் தொட்டது இந்த இடத்தைத்தான். இதைவிடப் பெரிய பதில் என்ன வேண்டும்?

மலை நூலகன்:
தம்பி, அந்தப் பிள்ளை எழுதியதைத் திருப்பிக் கொடுத்தது தப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அறுபது லட்சம் யூதர்களை ஒரு அரசாங்கமே திட்டமிட்டுக் கொன்றது. அதையும் இன்னொரு துயரத்தையும் பக்கத்தில் வைத்ததும் எது பெரிது என்ற பேச்சு வந்துவிடும். வந்தால் இரண்டுக்கும் அநியாயம். வலியை வலியோடு ஒப்பிடாதீர்கள் என்றுதான் அந்த வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

பந்தலூர் மண்:
அண்ணா, எது பெரிது என்று அவள் கேட்கவே இல்லை. பாட்டியைக் கொல்ல யாரும் ரயிலில் ஏற்றவில்லை என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். "ஒருநாள் காலையில் நீ இந்த ஊர்க்காரி இல்லை என்று ஒரு தாள் சொன்னால் எப்படி இருக்கும்?" என்று அவள் கேட்கிறாள். ஆன் பிறந்தது ஜெர்மனியில்தானே? அவளுக்கும் அந்தத் தாள் வந்ததுதானே?

கோத்தகிரி டீச்சர்:
வந்தது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் ஜெர்மன் யூதர்களைக் குடிமக்கள் என்ற நிலையிலிருந்து இறக்கின. 1941 நவம்பரில் வந்த ஆணை, நாட்டுக்கு வெளியே இருந்த ஜெர்மன் யூதர்களின் குடியுரிமையையே பறித்தது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த ஆன் அப்போதுதான் நாடற்றவள் ஆனாள். அவளுக்கு 12 வயது.

எனக்கு ஒரு வழி தெரிகிறது. "இரண்டும் ஒன்றா?" என்று பிள்ளையிடம் கேட்காமல், "அங்கே சட்டம் எந்த வரிசையில் வேலை செய்தது? இங்கே எந்த வரிசையில்? எந்த இடத்தில் இரண்டு பாதையும் பிரிந்தன?" என்று கேட்கலாம். பிரிந்த இடத்தையும் அவளே எழுத வேண்டும். தாள் எங்கே தாளாக நின்றது, எங்கே கொலையாக மாறியது என்று. அப்படி எழுதினால் நூலகன் சார் பயப்படுவதும் நடக்காது, பாட்டியின் கதையும் வெளியே போகாது.

மலை நூலகன்:
இது எனக்குச் சம்மதம். பிரிந்த இடத்தை எழுதச் சொல்வது முக்கியம். அதை விட்டுவிடாதீர்கள்.

வெலிங்டன் ஓய்வு:
ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவன். பேத்தி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், அவள் காட்டித்தான் இந்த இழைக்கு வந்தேன்.

போர் நாவல் என்றால் சிப்பாயின் நாவலும் சேர்த்திதான். ரெமார்க் எழுதிய 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்' 1929-ல் புத்தகமாக வந்தது. 1933 மே 10-ல் பெர்லினில் நாஜிகள் எரித்த புத்தகங்களில் அதுவும் ஒன்று. அதில் பால் என்ற ஜெர்மன் சிப்பாய் ஒரு குண்டுக் குழிக்குள் பிரெஞ்சுக்காரன் ஒருவனைக் குத்திவிட்டு, அவன் சாகும்வரை பக்கத்திலேயே கிடக்க வேண்டியிருக்கும். அவன் பர்ஸைத் திறந்தால் மனைவி, குழந்தை படம். அவன் ஒரு அச்சுத் தொழிலாளி. மனைவிக்குக் கடிதம் எழுதுவேன் என்று பால் செத்தவனிடம் சொல்வான். அப்புறம் எழுத மாட்டான். பேத்தியிடம் அந்தக் கடிதத்தை எழுதிப் பார் என்றேன். நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தாள். "உங்கள் கணவரைக் கொன்றவன் நான்" என்ற வரியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை தாத்தா என்றாள். முதல் வரியாகவா, கடைசி வரியாகவா, சொல்லாமலே விடுவதா? அந்த ஒரு கேள்வியில் அவள் போரைப் பற்றி யோசித்த அளவுக்கு நான் சர்வீஸில் சேர்ந்த புதிதில் யோசித்ததில்லை.

இன்னொன்று. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். நம்மவர்கள் துப்பாக்கி இல்லாமலும் செத்தார்கள். ஜப்பானியர்கள் 1942, 43-ல் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதையில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். அந்தப் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' அதைச் சொல்கிற நாவல். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அதே காலத்துத் தென்கிழக்காசியாவைச் சொல்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற ஊரில் இந்த இரண்டும் பள்ளி நூலகத்தில் இல்லாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

அருவங்காடு அம்மா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்காரர் கார்டைட் ஃபேக்டரியில் வேலை. இதுமாதிரி ஒரு புத்தகம் படித்த வாரம் மகள் சரியாகத் தூங்கவில்லை. அப்பா செய்கிற வெடிமருந்து எங்கே போகிறது என்று சாப்பாட்டு வேளையில் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். பிள்ளைகள் இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்தான். ஆனால் இந்த வயதில் எவ்வளவு? அப்புறம் இதற்கும் மார்க் போடுவீர்களா? மார்க் என்றால் அதிகமாக அழுகிற மாதிரி எழுதினால் அதிக மார்க் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

கோத்தகிரி டீச்சர்:
அக்கா, நல்ல வேளை கேட்டீர்கள். ஒன்பதாம் வகுப்புக்கு லோரியைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான். அதில் பயம் உண்டு, ஆனால் முகாமுக்குள் போகாது, காப்பாற்றியவர்களின் பக்கத்திலிருந்து கதை நடக்கிறது. பிணக்குவியல் படங்களை எந்த வகுப்பிலும் காட்டுவதில்லை. படிக்க முடியவில்லை என்று சொல்கிற பிள்ளைக்கு வேறு புத்தகம் உண்டு, காரணம் கேட்பதில்லை.

மார்க் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. உணர்ச்சிக்கு மார்க் கிடையாது. புத்தகத்தில் இருப்பதைச் சரியாகப் படித்திருக்கிறாயா, சொல்லும் தகவலைச் சரிபார்த்தாயா, இந்த இரண்டை மட்டும் பார்க்கிறேன். அந்த நீரிணை வரைபடத்தில் கண்ணீர் ஒரு சொட்டு இல்லை, வகுப்பிலேயே சிறந்த பதில் அதுதான்.

மகள் கேட்ட கேள்விக்கு வீட்டில் பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவள் அதைக் கேட்டது உங்கள் சாப்பாட்டு மேசையில். வெளியே போய்க் கேட்கவில்லை.

ஊட்டி பி.எட்.:
பயிற்சி ஆசிரியை. 'த பாய் இன் த ஸ்ட்ரைப்டு பஜாமாஸ்' நாவல் கொடுக்கலாமா? முகாம் தளபதியின் மகனும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூதப் பையனும் நண்பர்களாகிற கதை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கிறது, சுலபமாகவும் இருக்கிறது.

மலை நூலகன்:
பிடிக்கும். அதில்தான் சிக்கல். ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020 ஜனவரியில், ஹோலோகாஸ்ட் வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் இந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று சொன்னது. வேலி ஓரத்தில் ஒரு சிறுவன் காவல் இல்லாமல் தினமும் உட்கார்ந்து பேசுவது அங்கே நடக்கக்கூடியதே இல்லை. வேலியில் மின்சாரம் பாய்ந்தது. முகாமுக்கு வந்த சிறு பிள்ளைகளில் பெரும்பாலோரை வந்த அன்றே கொன்றார்கள். அதைவிடப் பெரிய கோளாறு, கடைசியில் வாசகன் யாருக்காக அழுகிறான் என்று பாருங்கள். முகாம் தளபதியின் மகனுக்காக.

ஏற்கெனவே படித்துவிட்ட வகுப்பு என்றால் புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். பென்சிலைக் கொடுத்து, நடந்திருக்க முடியாத இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த யூதப் பையனின் அப்பா, அம்மா, தெரு, பள்ளி பற்றி நாவலாசிரியர் எவ்வளவு சொல்கிறார், எவ்வளவு சொல்லாமல் விடுகிறார் என்று கேளுங்கள். அந்த விடுபட்ட பக்கத்தைத் தகவல் தேடி எழுத வைத்தால் அதுவே நல்ல பதிலாகும்.

கோத்தகிரி டீச்சர்:
உங்கள் எல்லோரையும் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். நடந்ததைச் சொல்கிறேன்.

"நான்தான் ஆன்" டைரிகளை எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்து, ஆன் எப்படி எழுதினாள் என்று மறுபடி பார்க்கலாம் என்றேன். 1944 மார்ச் 28-ல் லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில் அமைச்சர் போல்கஸ்டைன், போருக்குப் பின் மக்களின் டைரிகளையும் கடிதங்களையும் திரட்டுவோம் என்று பேசினார். அதைக் கேட்டுவிட்டு, மே மாதத்திலிருந்து ஆன் தன் டைரியையே திருத்தி எழுதத் தொடங்கினாள். சிலதை வெட்டினாள், சிலதைச் சேர்த்தாள், ஆட்களுக்கு மாற்றுப் பெயர் வைத்தாள். அவள் புத்தகம் வெளியிட நினைத்த ஓர் எழுத்தாளர். பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தி. பரணில் உட்கார்ந்து அழுத பெண் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

நாம் படிக்கிற புத்தகத்தில் அவள் எழுதுவது கிட்டி என்ற கற்பனைத் தோழிக்கு. கிட்டி ஒருநாளும் பதில் எழுதியதில்லை. 1944 ஆகஸ்ட் 1-ல் கடைசிக் கடிதம், 4-ஆம் தேதி பிடித்துக்கொண்டு போனார்கள். அதனால் இந்த முறை "கிட்டியாக இருந்து ஏதாவது ஒரு நாளின் கடிதத்துக்குப் பதில் எழுது" என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: ஆனுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று கிட்டிக்குத் தெரியாது.

எழுத்தே மாறிவிட்டது. ஒருத்தி, ஆனோடு ஒளிந்திருந்த பையன் பீட்டர் விஷயத்தில் அவசரப்படாதே என்று புத்திமதி சொல்லியிருக்கிறாள். ஒருவன், பல் டாக்டர் மேல் இவ்வளவு கோபம் வேண்டாம், அவருக்கும் உன் அறையைப் பகிர்ந்துகொள்வது கஷ்டம்தானே என்று சண்டை போட்டிருக்கிறான். இன்னொருத்தி வானொலிப் பேச்சு வந்த நாளை எடுத்துக்கொண்டு, "புத்தகம் வந்தால் எனக்கு ஒரு பிரதி வேண்டும், கையெழுத்துப் போட்டு" என்று முடித்திருந்தாள். அதை வாசிக்கும்போது எல்லோருக்கும் அடுத்தது என்ன என்று தெரியும். எழுதியவள் அதை எழுதவில்லை.

ஆண்டு விழாவுக்கு முகாம் காட்சி இல்லை. கொடை மேடம் சொன்னபடி தடைகளின் பட்டியலும், அதை நடைமுறைப்படுத்தியவர்களின் குரலும். வேடம் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, பள்ளிச் சீருடையில் நின்று வாசிப்பது மட்டும். முதலில் முகம் சுளித்த பையன்கள் இப்போது குமாஸ்தாவின் ரசீதை யார் எழுதுவது என்று போட்டி போடுகிறார்கள்.

கொடை நாடகக்காரி:
ரசீதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், தேதி, சைக்கிள் நிறம், மணி இருந்ததா இல்லையா என்பது வரை. வேறு எதையும் அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

வெலிங்டன் ஓய்வு:
சொன்ன இரண்டு தமிழ் நாவல்களையும் பள்ளிக்கு வாங்கித் தர நான் தயார். தலைமை ஆசிரியரிடம் கேட்டுச் சொல்லுங்கள் அம்மா.

கோத்தகிரி டீச்சர்:
கட்டாயம் கேட்கிறேன் ஐயா. மிக்க நன்றி. பதினொன்றாம் வகுப்புக்கு அடுத்த பருவத்தில் 'சயாம் மரண ரயில்' வைக்கலாம் என்று தமிழாசிரியரும் சொல்கிறார்.

பந்தலூர் மண்:
டீச்சர், கிட்டி கேள்வியை எங்கள் வட்டத்திலும் வைக்கலாமா? அப்புறம், அந்தப் பிள்ளை பாட்டி கதையில் பாதை பிரிந்த இடத்தையும் சேர்த்து மறுபடி எழுதியிருக்கிறாள். உங்கள் பிள்ளைகள் படிக்க அனுப்பட்டுமா?

கோத்தகிரி டீச்சர்:
தாராளமாக வையுங்கள். பாட்டியின் கதையை அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெயர் போடலாமா வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும். சரி என்றால் நகல் எடுத்து கூடலூர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள், ஊட்டியில் எங்கள் ஆள் வாங்கிக்கொள்வார்.